கூட்டியும் கழித்தும் பதினைந்து

ஐந்நூற்று நாற்பது மீன்காரிகளுக்கு
ஐந்நூற்று நாற்பது ஐஸ் பெட்டி.
வெள்ளை உடம்பு, நீல மூடி,
பக்கவாட்டில் கொடுத்தவர்களின் பெயர், பெரிதாக.
தொண்ணூற்றிரண்டு சதவீதம் வெற்றி என்றது ஆண்டறிக்கை.
அட்டையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சரிபார்க்க வந்தவள் நான், தக்கலையிலிருந்து.
நாளொன்றுக்கு எழுநூறு, பஸ் காசு தனி.
கையில் நாற்பது எண்கள்,
கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு அள்ளியவை.

கடியப்பட்டணத்தில் இறங்கியதும்
குடையோடு நின்றார் கமிட்டி கிளீற்றஸ்.
"நல்ல வீடு ஒரு பத்து இருக்கு பிள்ளே,
காப்பி குடிச்சிட்டே பாத்துரலாம்.
ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு போராதா?"

போதும்தான்,
பானையைக் கிண்டியிருந்தால்.
கிண்டாத பானையில்
மேலே விறைத்த பருக்கைக்குத் தெரியுமா
அடியில் தீய்ந்தது?

இதை அவரிடம் சொல்லவில்லை.
கரையில் ஏலம் ஓடிக்கொண்டிருந்தது.
சாளைக் கூடைக்குள் ஒருத்தி
முழங்கை மறையக் கைவிட்டு
அடியிலிருந்து நாலு மீனை எடுத்து
செவுளைப் பிரித்து முகர்ந்தாள்.
"அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றேன்.
அவர் குடையை மடக்கினார்.

பதினோராம் எண் பெட்டி
மீனோடு குளச்சல் சந்தைக்குப் போயிருந்தது.
இருநூற்று ஆறை விற்றுவிட்டார்கள்,
யாருக்கு என்று சொல்லவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு கோழி அடைகாத்தது,
எழுப்பாமல் எழுதிக்கொண்டேன்.

நூற்றெண்பத்து மூன்றில் பூட்டு.

மறுநாளும் பூட்டு.
"பக்கத்து வீட்ட எழுதிக்க, யாரு பாக்கப் போறா?"
பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது, சரி.
ஆனால் இந்த வீடு பூட்டிக் கிடப்பதற்கும்
அந்தப் பெட்டிக்கும் ஏதாவது உறவு இருந்தால்?
திறந்த கதவை மட்டும் எண்ணினால்
திறந்த கதவுகளின் ஊர்தான் கிடைக்கும்.

மூன்றாம் முறை, இரவு ஏழரை.
செர்வசியாள் அப்போதுதான் வந்திருந்தாள்
முந்திரி ஆலையிலிருந்து,
பால் பட்டுக் கருத்த விரல்களோடு.
"எனக்க பேர யாரு எழுதிக் கொடுத்தது?"
யாருமில்லை, நறுக்கு விழுந்தது என்றேன்.
"பெட்டி கிட்டதுக்கு எத்தன நட நடந்தேன் தெரியுமா.
இப்பம் சும்மா வந்து விழுதாக்கும்!"
சிரித்தாள். அட்டைப்படச் சிரிப்பு இல்லை அது.

"வித்தது போக மிஞ்சின மீனத்தானே
ஐஸ்ல வைக்கணும்?
மிஞ்சுத அளவுக்கு மீனெடுக்க
மொதல் யாரு தருவா?
அதான் ஆலைக்குப் போறேன்."

மூடியைத் திறந்து காட்டினாள்.
ரேஷன் அரிசி. ஆதார் அட்டைகள். ஒரு ஜெபமாலை.
"எலி ஏறாது. நல்ல பெட்டி."

படிவத்தில் இரண்டே கட்டம்:
நோக்கத்துக்குப் பயன்படுகிறதா? ஆம். இல்லை.
இல்லை என்று கீறினேன்.
நல்ல பெட்டி என்பதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், அழிக்க வசதியாக.

நாற்பதில் பதினேழு.
நாற்பத்திரண்டரை சதவீதம்,
கூட்டியும் கழித்தும் பதினைந்து.

சென்னையிலிருந்து போன்:
"அந்தக் கூட்டல் கழித்தலை எடுத்துடுங்க மேடம்,
டோனர்ஸ் குழம்புவாங்க.
ஒரே ஒரு நம்பர் போதும்."

அன்று இரவு வாசலில்
செர்வசியாளின் வீட்டுக்காரன் தார்சியூஸ்
தூண்டில் முள்ளைக் கோத்துக்கொண்டிருந்தான்.
நடுக்கடலில் பாறை எங்கே என்று
எப்படித் தெரியும், சும்மா கேட்டேன்.
"கோயில் கோபுரமும் மலையும்
நேருக்கு நேரா வந்தா கீழ பார் இருக்கு.
பத்து மார் அங்கோட்டு இங்கோட்டு.
அதுக்குள்ள எறிஞ்சா போரும்."

அறிக்கையை அனுப்பிவிட்டேன்,
பதினைந்தை அது இருந்த இடத்திலேயே வைத்து.

பஸ் காசு இன்னும் வரவில்லை.